ஓடுகிறது என்று நான் சொன்ன வண்டி

அந்தக் காரைப் பிரிக்கத்தான் வாங்குகிறேன் என்று அந்த அக்காவிடம் நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துப் போனவனும் அல்ல. மலைமேல் சித்திரபுரத்தில் அவர் வீட்டு முற்றத்தில் நின்று, "நல்லா ஓட்டுவீங்கள்ல தம்பி?" என்று அவர் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலையைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர் வேலை. என் கூட்டாளி எலப்புள்ளியில் நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறவர். அவருடைய டிராக்டர் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றை நாங்களே கட்ட ஆரம்பித்திருந்தோம். குழாய்ச் சட்டத்தை நான் பற்றவைத்தேன். மேல்கூடு ஃபைபரில் கோயம்புத்தூரில் வார்த்து வந்துவிட்டது. எஞ்சின், கியர் பெட்டி, சக்கரங்கள், ஸ்டியரிங், பெடல் எல்லாம் ஒரே பழைய காரிலிருந்து வர வேண்டும். அந்தப் பழைய காரைத்தான் டோனர் என்பார்கள். ரோட்டில் ஓட்ட அனுமதி கிடைக்காது. அவருடைய தோப்பைச் சுற்றி ஓட்டத்தான் இத்தனை பாடு.

டோனர் தேடுவது, ஓட்டுவதற்குக் கார் தேடுவதற்கு நேர் எதிர். பெயின்ட், கதவு, தரை எது போயிருந்தாலும் கவலையில்லை, எப்படியும் தூக்கிப் போடப்போகிறோம். கூட்டாளி சொல்வார்: "ஒடம்பு போனாப் போகட்டுமுங்க, உசுரு இருக்கோணும்." நான் பயந்த பேர்வழி. ஏழெட்டு வண்டி பார்த்து ஒவ்வொன்றிலும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தேன். ஒன்றில் சைலென்சர் புகை நீலமாக இருந்தது, இன்னொன்றில் எஞ்சின் நம்பரை யாரோ தேய்த்திருந்த மாதிரி பட்டது. "பொண்ணு பாக்கறதுக்குக்கூட இத்தனை ஊடு ஏறுனதில்லைங்க நாம" என்று அவர் சிரித்தார்.

சித்திரபுரத்து வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய எண்ணூறு சிசி கார். மலைப் பனியில் தரைத்தகடு விரல் வைத்தால் உதிர்ந்தது. எஞ்சின் மட்டும் முதல் திருப்பிலேயே பிடித்தது. மூன்று சிலிண்டர்தான், ஆனாலும் நான்கு சிலிண்டர் வண்டி மாதிரி சீராக நின்று ஓடியது. எஸ்டேட் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அந்த அக்காவின் வீட்டுக்காரர், தன் கையாலேயே பராமரித்தது. போன வருஷம் தவறிவிட்டார் என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. அடிபட்ட வண்டியா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார்.

வண்டியை ஓட்டி மலையிறங்கி வரும்போதே அந்தச் சங்கடம் தொடங்கிவிட்டது. சீட் இறந்தவர் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது, நெம்புகோல் துருப்பிடித்து நகரவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டினேன். கண்ணாடி அவர் கண்ணுக்கு வைத்த சாய்வில் இருந்தது. அதில் எனக்குச் சாலை தெரியவில்லை, காலியான பின்சீட் தெரிந்தது. திருப்பி வைக்கக் கை போகவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி தானாக இரண்டாவது கியருக்குக் காத்திருப்பது போல ஒரு தயக்கம். தெரியாதவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் ஊருக்குள்ளேயே நடப்பது போல இருந்தது.

பிரிக்கும் வேலையை முறையாகத்தான் செய்தேன். ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எண் போட்டேன், நட்டுகளைத் தனித்தனி டப்பாவில் வைத்தேன். கிளட்ச் பெடலின் ரப்பர் இடது ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. சீட் பெல்ட்டில் ஒரு இடத்தில் மடிப்புத் தழும்பு, அது அவருடைய வயிற்றின் அளவு. தரைவிரிப்பைத் தூக்கினால் தைல வாசனை. இவற்றில் பாதியை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன், பாதியை எடைக்குப் போடப் போகிறேன். எந்தப் பாதியில் அவர் இருக்கிறார் என்று யோசித்தபடி ஸ்பானரைப் பிடித்திருப்பேன். கூட்டாளியிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அந்த அக்கா போன் செய்வார். வண்டி ஓடுதா தம்பி என்பார். ஓடுதுக்கா என்பேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் வைத்த வாரமும் ஓடுதுக்கா என்றேன்.

கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் தம் மகளைப் பார்க்க வந்தவர், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோ பிடித்துக் கொட்டகைக்கே வந்து நின்றார். கூட்டாளிதான் போனில் வழி சொல்லியிருக்கிறார், பாவம், நான் சொல்லி வந்த பொய் அவருக்குத் தெரியாது. உள்ளே நான்கு மரக்கட்டைமேல் அந்தக் காரின் சக்கரமில்லாத கூடு. கதவுகள் சுவரோரம். எஞ்சின் ஸ்டாண்டில்.

அக்கா கூட்டைச் சுற்றி வந்தார். டாஷ்போர்டு இருந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இதத்தான் ஓடுதுன்னு சொன்னீங்களா?"

"ஆமாங்க்கா."

"வாராவாரம்."

"ஆமாங்க்கா."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. ஸ்டூலை எஞ்சினுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது ஓடுமா என்றார். ஓடும் என்றேன், அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை. பேட்டரியை மாட்டினேன், பெட்ரோல் பாட்டிலின் குழாயைச் செருகினேன். சாவித்துவாரம் சாவியோடு வயர்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கையில் வாங்கி அவரே திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்தது.

ரேடியேட்டரைக் கழற்றியாகிவிட்டது, உள்ளே தண்ணீர் இல்லை. ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குமேல் ஓடினால் சூட்டில் எஞ்சினின் மேல்மூடி, ஹெட், வளைந்துவிடும். இத்தனை வண்டி பார்த்துப் பொறுக்கிய எஞ்சின். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அன்னைக்கும் இப்பிடித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு தம்பி. வாசல்ல. நான் அடுப்படில நின்னேன். குளிருக்குச் சூடு ஏத்துதாகன்னு நெனச்சேன். இட்லி ரெண்டு ஈடு எடுத்துட்டேன். சத்தம் பாட்டுக்குக் கேக்குது, அவுக உள்ள இருக்காகன்னு நெனச்சுட்டேன்."

அவர் எஞ்சினையே பார்த்தபடி தொடர்ந்தார்.

"போய்ப் பாத்தா சீட்ல சாஞ்சிருந்தாக. பக்கத்து வீட்டுத் தம்பிதான் கைய விட்டு வண்டிய அணைச்சுது."

மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். பெயின்ட் கருகும் வாடை வந்தது. சத்தம் தடித்தது. கூட்டாளி கொட்டகை வாசலில் வந்து நின்று எஞ்சினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் அவர் கேட்கிறார். அந்த அக்காவிடம் அணைக்கச் சொல்ல என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

எஞ்சின் இழுத்து இழுத்து அதிர ஆரம்பித்தபோது அவர் சாவியைத் திருப்பினார்.

"எனக்கு நீங்க சொல்லியிருக்கலாம் தம்பி" என்றார். எதைச் சொல்லியிருக்கலாம் என்று நான் கேட்கவில்லை. மகள் காத்திருப்பாள் என்று எழுந்து, அதே ஆட்டோவில் போய்விட்டார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வருவதில்லை.

ஹெட் வளைந்துதான் இருந்தது. உள்ளே ஒரு பிஸ்டனும் சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. கூட்டாளி வேறு எஞ்சினுக்குச் சொல்லி வைத்தார், வந்தது, மாட்டினோம். கார் தோப்பைச் சுற்றி நன்றாகவே ஓடுகிறது. அவர்தான் ஓட்டுகிறார். நான் பக்கத்தில் உட்காருவேன். நிறுத்தியதும் சாவியை அணைக்க அவர் கொஞ்சம் தாமதித்தால் போதும், என் கை தானாகப் போய்விடும்.