மூன்றாவது பாட்டிலைத் தர மறுத்த பெண்

மூன்று வருஷங்களுக்கு முன்பு, தை மாதம். நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, அங்கன்வாடியில் வேலை. முந்தைய வருஷம் இடது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆகி, ஐப்பசியில் தஞ்சாவூரில் கதிர்வீச்சு சிகிச்சையும் முடிந்திருந்தது. மொட்டையாக இருந்த தலையில் முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். அவ்வளவு சந்தோஷமான நேரத்தில்தான் அந்த இருமல் வந்தது.

சளி இல்லாத வறட்டு இருமல். அறுவடைக் காலத்தில் நெல் சுணை பறக்கும். ஊரில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உள்ளூர் டாக்டரிடம் போனேன். கதிர்வீச்சு எடுத்ததை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டும் குறையவில்லை. மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கினேன். அது தீர்ந்ததும் இன்னொரு பாட்டில். இதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டைக்கூட மூச்சு வாங்காமல் முழுசாகப் பாட முடியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. மாசியில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அறுவடை முடியட்டும், கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குத் தை கடைசியில் வளைகாப்பு, அதுவும் நல்லபடியாக நடக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. நான் போன பிறகு இந்த மனுஷன் என்ன சாப்பிடுவார் என்று, என் கணவருக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். புளி எவ்வளவு, ரசத்தை எப்போது இறக்குவது, பட்டாவும் சிட்டாவும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, எல்லாம். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார்.

மூன்றாவது பாட்டில் வாங்கப் போனபோது, மருந்துக்கடையில் இருந்த பெண் எடுத்துக் கொடுக்கவில்லை. முப்பது வயது இருக்கும். அதற்கு முன் அவரிடம் நான் இரண்டு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா, பத்து நாள்ல இது மூணாவது பாட்டில். இதுக்கு முன்னாடி ஏதாவது வைத்தியம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். கதிர்வீச்சு முடிந்து எவ்வளவு நாளாயிற்று என்றார். இரண்டரை மாதம், மாசியில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும் என்றேன். உடனே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, ஆக்சிஜன் பார்க்கும் சின்னக் கருவியை என் விரலில் மாட்டினார். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது, தொண்ணூற்றொன்றுதான் காட்டியது.

"இது என்னன்னு நான் சொல்லக் கூடாதுக்கா. ஆனா மருந்து குடிச்சுத் தள்ளிப்போடுற விஷயம் இல்ல. மாசி வரைக்கும் காத்திருக்காதீங்க."

என் கைபேசியில் இருந்த ஆஸ்பத்திரி எண்ணுக்கு அவரே பேசினார். மறுநாள் காலையிலேயே வரச் சொன்னார்கள். மூச்சு இன்னும் மோசமானால் இன்றே கிளம்ப வேண்டும் என்றார்கள். கடையில் நின்றவர்கள் எல்லாம் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் கிளம்பும்போது, வீட்டில் சொல்லாமல் தனியாகப் போகாதீர்கள் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

என் கணவர் வயலில் இருந்தார். அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்று நான் சொல்ல, அவர் "என்ன?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "என்ன?" இருக்கிற கொஞ்ச மூச்சையும் திரட்டி நான் கத்துவதைப் பார்த்த ஓட்டுநர் பதறிப்போய் மிஷினை நிறுத்திவிட்டார். அந்த நிசப்தத்தில், நுரையீரலுக்கு நோய் வந்துவிட்டது என்று நான் கத்தியது பக்கத்து வயல் வரை கேட்டது.

அவர் வரப்பில் ஏறி என்னிடம் வந்தார்.

"அதுக்குத்தான் எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக் குடுத்தியா? நீ ஒரு வருஷத்துக்குப் பொண்ணு வீட்டுக்குப் போகப் போறன்னுல்ல நெனச்சேன்."

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. அவர் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

மறுநாள் தஞ்சாவூரில் ரத்தம், சளி, சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். கிருமித் தொற்று, காசநோய், நுரையீரலில் ரத்தக்கட்டு, இவை எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டினார். இடது நுரையீரலின் முன்பக்கம் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது.

"இந்த ஓரத்தைப் பாருங்கம்மா. வரப்புப் போட்ட மாதிரி நேரா நிக்குது. கேன்சர் இப்படி அளவெடுத்து நிக்காது. இது நாங்க கதிர் குடுத்த எல்லை. சிலருக்கு அந்த இடத்துல நுரையீரல் வீங்கிடும். மாத்திரையில சரியாயிடும்."

என் கணவர் அந்தப் படத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தார். எங்கள் வயலில் பக்கத்துக்காரர் வெட்டிய வரப்பைவிட இது நேராக இருக்கிறது என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

பிறகு அவர் என் ஃபைலைப் புரட்டி, சிகிச்சை முடிந்த அன்று கொடுத்த தாளை எடுத்துக் காட்டினார். வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே வரவும் என்று தமிழில் கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டுக்குப் போகும் சந்தோஷத்தில் அதை நான் படிக்கவே இல்லை. தடுப்பூசி அட்டையைப் படிக்காமல் வரும் தாய்மார்களை எத்தனை தடவை கடிந்திருப்பேன்! தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை ஏறுகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, அவர்கள் சொல்லச் சொல்லத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார்கள். ஒரே வாரத்தில் மூச்சு சுலபமாகிவிட்டது. பசியோ பசி, அப்படி ஒரு பசி. முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. வளைகாப்பு போட்டோக்களில் மகளைவிட நான்தான் பூரிப்பாக இருக்கிறேன். மூன்றாவது வாரம், இனி மாத்திரை எதற்கு என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். இருமல் திரும்பி வந்தது, ஆஸ்பத்திரியில் திட்டும் கிடைத்தது. அதற்குப் பிறகு மாத்திரை டப்பா என் கணவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. முழுசாக விட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

நுரையீரலில் ஒரு சின்னத் தழும்பு தங்கிவிட்டது. வேகமாகப் படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கும். மற்றபடி இன்றுவரை எல்லாப் பரிசோதனையும் நல்லபடியாகவே இருக்கிறது. இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், காய்ச்சலோ தலைவலியோ, உட்கார்ந்ததும் முதலில் நான் எடுத்த சிகிச்சையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டாரைக் கலங்க வைக்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டதைத் தியாகம் என்று நினைத்திருந்தேன். அது வெறும் பயம்தான் என்று, முன்பின் பழகாத ஒரு பெண் அக்கறையோடு கேட்ட ஒரே கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது.