ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு வீடு

தாப்பியோ எங்கள் ஊருக்கு வந்தது ஐஸ் ஃபேக்டரி இயந்திரத்தைச் சரிசெய்ய. பத்து நாள் வேலை என்று பின்லாந்திலிருந்து வந்த மனுஷன் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டார். எங்கள் குவாயாராமெரினில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரேசில், இந்தப் பக்கம் பொலிவியாவின் கடைசித் தெருக்களில் நாங்கள். பனி கொட்டுகிற நாட்டை விட்டுவிட்டு இங்கே வந்து ஐஸ் செய்கிறானே, இவனுக்கு மூளை இருக்கிறதா என்று ஊரே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும். ஆளை எடைபோடத்தான் தெரியாது.

ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வீடு கட்டினார். கிரிங்கோ வீடு, அதாவது வெள்ளைக்காரன் வீடு என்று ஊரில் அதற்குப் பெயர். செங்கல் செங்கலாக, ஏழு வருடம். பின்பக்கம் மரப்பலகையால் ஓர் அறை. அதற்குள் அவர்கள் நாட்டு வழக்கப்படி அடுப்பில் கல்லைச் சூடாக்கி வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருப்பார். வெளியே நின்றாலே வேகிற ஊரில் உள்ளே எதற்கய்யா அடுப்பு என்று கேட்டோம். ஆனால் ஜூலையில் தெற்குக் காற்று வந்து நடுக்கும்போது அந்த அறையில் இடம்பிடிக்க நாங்கள்தான் முதலில் ஓடுவோம்.

வீடு அவருடையது. பத்திரம் ரோமுலோவின் பேரில். எல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் வெளிநாட்டுக்காரன் பேரில் ஒரு பிடி மண் இருக்கக் கூடாது, தெரிந்தால் அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். குடியுரிமை வாங்கித் தொலையும் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்பார். ரோமுலோ ஆற்றில் படகு விடுபவன். அவன் மகள் ஹெய்டிக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தந்தையாகக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர் தாப்பியோ. அதனால் இருவரும் ஒருவரையொருவர் கும்பாதிரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்களுக்கு அது கூடப் பிறந்த உறவைவிடப் பெரியது. பத்திரம் எழுதிய வக்கீல், வீடு உண்மையில் யாருடையது என்று உங்கள் இருவருக்குள் தனியாக ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ரோமுலோவின் முகம் தொங்கிவிட்டது.

"நமக்குள்ள எதுக்கு கும்பாதிரே தாளு?"

தாப்பியோ வெட்கப்பட்டுப்போய் வக்கீலை வாயை மூடச் சொல்லிவிட்டார்.

போன செப்டம்பரில் ஹெய்டிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து நகரமான ரிபெரால்டாவில் பிரேசில் கொட்டை உடைக்கும் ஆலை வைத்திருப்பவர்கள், பெரிய இடம். கல்யாண உடை என் கடையில்தான் தைத்தது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அளவு பார்க்க வந்தாள். நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அப்பா எனக்கு அந்த கிரிங்கோ வீட்டத் தர்றாரு, நெல்வியக்கா. மேடையில சொல்லப்போறாரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அன்றைக்கே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பத்து வீடு தள்ளித்தான் தாப்பியோ இருந்தார். முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவர் ரோமுலோவைத் தனியாகப் பிடித்து உலுக்கியிருப்பார், பாதிரியாரிடம் போயிருப்பார், ஏதாவது நடந்திருக்கும். ஊர் முன்னால் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கிறவனை எங்கள் ஊரில் யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் துணியெல்லாம் பிரேசிலிலிருந்து வருவது ரோமுலோவின் படகில். சுங்கக்காரன் கண்ணில் படாமல் அவன்தான் கொண்டுவந்து சேர்ப்பான். நான் ஊசியைக் குத்திக்கொண்டே இருந்தேன். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது.

கல்யாணத்தில் கேக் செலவு ஞானத்தந்தையுடையது என்பது வழக்கம். நான்கு அடுக்குக் கேக்குக்குப் பக்கத்தில் தாப்பியோ வெள்ளைச் சட்டையில் பெருமையாக நின்றிருந்தார். ரோமுலோ மைக்கை வாங்கினான்.

"என் மகளுக்கும் மருமகனுக்கும் ஆத்தங்கரைத் தெருவுல இருக்கற என் வீட்டக் குடுக்கறேன்."

என் வீடு என்றான், படுபாவி. நாக்கு கூசவில்லை. அந்த வீட்டுக்கு அவன் ஒரு செங்கல் தூக்கியவன் இல்லை. அது யார் வீடு என்று அங்கே இருந்த இருநூறு பேருக்கும் தெரியும். இருநூறு பேரும் தாப்பியோவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தால் வீடு அவருக்கும் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் இல்லை, அரசாங்கத்துக்குப் போய்விடும். இருபத்தாறு வருடம் இருந்த ஊரை விட்டு அவரையும் கிளம்பச் சொன்னாலும் சொல்வார்கள். அவர் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. வாத்தியக்காரர்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டார் தட்டினார்கள். எல்லோரும் தட்டினோம். நானும்தான்.

ஹெய்டி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க பின்னாடி ரூம்லயே இருந்துக்குங்க ஞானப்பா. உங்கள யாரு போகச் சொன்னா?"

அவர் தலையாட்டினார். கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டி, ஒவ்வொரு தட்டாக அவரே எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒரு தட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் என் கடைக்கு வந்து தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். ரோமுலோ திருடன், கும்பாதிரே என்ற சொல்லையே நாறடித்தவன், அவன் படகு நடு ஆற்றில் கவிழ வேண்டும் என்று வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அத்தனையும் மனசாரத்தான் திட்டினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"ரோமுலோ ஏன் செஞ்சான்னு எனக்குப் புரியுது. பொண்ணப் பெத்தவன். ஆனா உனக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரியுமாமே நெல்வி. ஹெய்டி சொன்னா."

என் துணி ரோமுலோவின் படகில் வருவதைப் பற்றி ஏதோ உளறினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

இப்போது அவர் பின்னறையில் இருக்கிறார். முன்பக்கத்தில் ஹெய்டியின் துணி காய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரோமுலோவும் அவரும் படகுத்துறையில் சேர்ந்து பீர் குடிக்கிறார்கள், பழையபடி கும்பாதிரே என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எப்படி முடிகிறதோ. போன மாதம் என் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனது. சொல்லியனுப்பியதும் வந்தார், ஒரு மணி நேரம் வேலை பார்த்தார், கையைக் கழுவினார். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு காசு வாங்கியதில்லை, நெல்வி என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதுமில்லை. அன்றைக்கு வாசலில் நின்று, ஐம்பது பொலிவியானோ என்றார். கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நன்றிங்க அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.