ஷ்யாமளா மாமியின் செவ்வாய்ப் படை

கடைக்கார நெல்லையப்பன் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருக்கிறார். ஷ்யாமளா மாமியின் கண் தராசில் இல்லை. மூலையில் கிடந்த காலி பிஸ்கட் அட்டைப் பெட்டியை எடுத்து, அடிப்பக்கத்தைக் குத்தித் திறந்து, முழங்கை வரை மாட்டிக்கொண்டு கையை மடக்கி நீட்டிப் பார்க்கிறாள். பின்னால் நிற்கிறவர்கள் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டில் மாமியைத் தெரியாதவர்கள் கிடையாது.

"அண்ணாச்சி, இதை வேற யாருக்காவது சொல்லி வெச்சிருக்கேளா?"

"உங்களுக்கு இல்லாததா, எடுத்துக்கிடுங்க. இந்தத் தடவ எந்த ராசாவுக்கு மாமி?"

"ராஜா இல்லை, ராட்சசன். அவளுக்குக் கை கொஞ்சம் பருமன்."

நெல்லையப்பன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு வனஸ்பதி டின் மூடியையும் கொண்டுவந்து பொட்டலத்தின் மேல் வைக்கிறார். பருப்பை மறந்துவிட்டுப் போனாலும் மாமி மூடியை மறக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த வட்டாரத்து மாதர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு நாடகம் போடும். ராஜா, மந்திரி, சேவகன், ராட்சசன் எல்லாமே பெண்கள்தான். அவர்களுக்குக் கவசம், கிரீடம், கேடயம் செய்துகொடுப்பது மாமியின் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை, வாடகைக்கு எடுத்த கிரீடம் ஒன்று முதல் காட்சியிலேயே ராஜாவின் மூக்கு வரை இறங்கியதைப் பார்த்த நாளிலிருந்து தானாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. கணவர் சங்கரநாராயணன் கோட்டைப் பக்கத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா. வீடு இரண்டே அறை. கட்டிலுக்கு அடியில் சேனாதிபதிகளின் மார்புகளும் தோள்களும் அடுக்கி வைத்திருக்கும். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் போய் அலறியதுண்டு.

மாமிக்குத் தகரத்தைக் கண்டால் ஆகாது. "தகரம் சத்தம் போடும், கையைக் கிழிக்கும், வேர்வை பட்டா நாறும்" என்பாள். மூடிகளை மட்டும் குமிழ் மாதிரி அங்கங்கே பதிப்பதோடு சரி. மற்றபடி அட்டைதான். இரண்டு அட்டைக்கு நடுவே பழைய கோணித் துண்டு வைத்து ஒட்டினால் உடம்போடு வளையும், உடையாது. ஒட்டுவதற்கு மைதாப் பசை. அதில் பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அதனால் மாமியின் விரல் நுனியில் எப்போதும் ஒரு நீலம் இருக்கும். பளபளப்புக்குத் தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருக்கும் ஈயத்தாள். கொக்கியும் ஆணியும் தாராவியில் பெட்டிப் பட்டறை வைத்திருக்கும் மன்சூர் அலி கழித்துப்போடுபவை. காசு கொடுத்து வாங்குவது மைதா ஒன்றைத்தான். அதுவும் மிஞ்சினால் போளியாகிவிடும், துத்தம் சேர்ப்பதற்கு முன்னால்.

செய்து முடித்த கவசத்தை மாமி முதலில் தானே போட்டுக்கொள்வாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கமாட்டாள். குழாயடியில் தண்ணீர் பிடிப்பாள், தேங்காய் துருவுவாள், சப்பணமிட்டு உட்கார்ந்து கீரை ஆய்வாள். "தோசை வார்க்க முடியாத கவசத்துல யுத்தம் எப்படிப் பண்றது?" ஒரு தடவை ஆபீஸிலிருந்து வந்த சங்கரநாராயணன், அடுப்படியில் வெள்ளி உடம்போடு நின்ற மனைவியைப் பார்த்து, "காப்பி கிடைக்குமா, இல்லே தலையை வாங்கிடுவியா?" என்று கேட்டது இன்றுவரை அந்தக் கட்டடத்தில் சொல்லிச் சிரிக்கப்படுகிறது.

இந்த வருஷம் ஜூலையில் மனிதன் நிஜமாகவே சந்திரனில் போய் இறங்கினான். மாட்டுங்காவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமி பேப்பரில் வந்த படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "முழங்கால்ல மடிப்பு நன்னாத்தான் வெச்சிருக்கான். ஆனா கீழே உக்கார முடியுமோ?" என்றாள். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும், "என்ன மாமி, உங்க ஆளுகளுக்கு அப்புறம்தானே இவன் போயிருக்கான்!" என்றார்கள். அவர்கள் சொன்னது, சில வருஷம் முன்னால் சங்கம் போட்ட செவ்வாய் கிரக நாடகத்தை.

அது தாதருக்கு டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். டிராமும் போயிற்று, அந்த நாடகத்தில் நடித்தவர்களில் பாதிப் பேர் வாடகை கட்டுப்படியாகாமல் டோம்பிவிலிக்குக் குடிபோய்விட்டார்கள். இருந்தும் அந்த வருஷத்தை நினைத்தால் மனசு இனிக்கத்தான் செய்கிறது. எல்லோருடைய வாயிலும் ராக்கெட்தான். சங்கக் காரியதரிசியம்மாள் ராஜா ராணியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு விஞ்ஞான நாடகம் எழுதிவிட்டாள். செவ்வாய் கிரகத்தில் தண்ணீர் வற்றிவிடுகிறது. அந்த கிரகத்து ராணி படையோடு புறப்பட்டுத் தண்ணீர் தேடி மாட்டுங்காவில் வந்து இறங்குகிறாள். வந்து பார்த்தால் இங்கே குழாய் காலையிலேயே நின்றுபோயிருக்கிறது. இதுதான் கதை.

கதை எல்லோருக்கும் பிடித்தது. உடைதான் தகராறு. செவ்வாய்க்காரர்கள் புடவை கட்டுவார்களா? கால்சட்டைதான் சரி என்றாள் காரியதரிசியம்மாள். மறுநாளே படையில் பாதிப் பேரை வீட்டில் தடுத்துவிட்டார்கள். மாமிதான் சமாதானம் செய்தாள். "மடிசார் கட்டிண்டா ரெண்டு காலும் தனித்தனியா இருக்கு. அதுக்கு மேலே கவசத்தைப் போட்டா புடவைன்னு யார் கண்டா?" ஆக, அன்றாடம் அடுப்படியில் கட்டுகிற அதே ஒன்பது கஜத்தோடு செவ்வாய்ப் படை தயாராயிற்று. அலசிக் கழுவிய எக்ஸ்ரே ஃபிலிமை வளைத்து, முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரி மாட்டினாள் மாமி. ஒருத்தியின் நெற்றியில் மட்டும் யாருடைய விலா எலும்போ லேசாகத் தெரிந்தது. அது இன்னும் நன்றாகத்தான் இருந்தது.

ராணி வேஷத்துக்குக் கனகவள்ளி என்று சொன்னவளும் மாமிதான்.

கனகவள்ளிக்கு அப்போது இருபத்து நாலு வயசு. ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிவிட்டது. முழங்காலிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் வார். புடவையைத் தரையில் புரளவிட்டுக் காலை மறைத்துக்கொண்டு நடப்பாள். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அதனால் சங்க நாடகங்களில் அவளுக்கு நிரந்தரமாக ஒரே வேஷம்: அசரீரி. படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசிவிட்டு, கடைசியில் எல்லோரும் கைதட்டு வாங்கும்போது தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை, "ஒரே ஒரு நாள் படுதாவுக்கு முன்னாடி நின்னு பேசணும் மாமி" என்று அவள் சொன்னது மாமியின் காதில் அப்படியே தங்கிவிட்டது.

கனகவள்ளியின் அப்பா ஜம்பு ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாயில்லாப் பெண். மாமி கேட்கப் போனபோது அவர் சொன்னார்:

"அவ ஆசைப்படறா. நான் வேண்டாம்னு சொல்லலே. ஆனா காலை மட்டும் மூடிடுங்கோ மாமி. நாலு வரன் வந்து நாலும் அதுலேதான் தட்டிப் போச்சு. ஹாலுக்கு மாட்டுங்கா முழுக்க வரும்."

"ஒரு இஞ்ச்கூடத் தெரியாது. நான் பாத்துக்கறேன்" என்று மாமி வாக்குக் கொடுத்தாள்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு மடிசாரா என்று ஒருத்தி இழுத்தபோது, "செவ்வாய்லே அந்த வழக்கமெல்லாம் கிடையாதுடி" என்று மாமி அடக்கிவிட்டாள். அவளுக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. காலை மூடலாம். நடையை எப்படி மூடுவது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். படையிலிருந்த ஐந்து பேரின் இடது காலிலும், கவசத்துக்கு உள்ளே, முழங்கால் மடங்காதபடி ஒரு மூங்கில் பத்தையை வைத்துத் தைத்துவிட்டாள். அந்த கிரகத்தில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள் என்று ஆகிவிட்டால், கனகவள்ளியின் கால் தனியாகத் தெரியாது அல்லவா?

ஒத்திகை மாமி வீட்டிலேயே நடந்தது. ஐந்து பேரும் காலை இழுத்து இழுத்து அறையைச் சுற்றி வந்தார்கள். மாமியின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த கனகவள்ளி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவா எல்லாம் ஏன் மாமி இப்படி நடக்கறா?"

"அந்த ஊர்லே அதுதான் நடை. உன் கால் யாருக்கும் தெரியாது பாரு!"

"எனக்குத் தெரியுமே மாமி. ஸ்கூல் விட்டு வரச்சே பசங்கள்ளாம் என் பின்னாடி இப்படித்தான் நடந்துண்டு வருவா."

கனகவள்ளி அழவில்லை, எழுந்து, செருப்பு விடும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "வேற யாரையாவது போட்டுக்கோங்கோ. நான் அசரீரியே பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமி அன்று முழுக்க, நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு பெண்ணின் நெஞ்சில் மிதித்துவிட்டோமே என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஐந்து காலிலிருந்தும் பத்தைகளைப் பிரித்து எடுத்தாள். எடுத்து அடுப்பில் வைத்து அதிலேயே வெந்நீர் போட்டாள். பிறகு முழங்காலிலிருந்து பாதம் வரை ராணிக்கு மட்டும் ஒரு பெரிய கால்கவசம் செய்து, இருந்ததிலேயே நல்ல ஈயத்தாளை ஒட்டி எடுத்துக்கொண்டு கனகவள்ளியின் வீட்டுக்குப் போனாள். ஜம்பு வேலைக்குப் போயிருந்தார்.

"நான் பண்ணினது தப்புடி. இதைப் போட்டுப் பாரு. நடை எப்படி இருந்தா என்ன, நீ ராணி."

மாமி கவசத்தை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துக் கனகவள்ளிக்கு மனசு கேட்கவில்லை. மாட்டிப் பார்த்தாள். இரண்டு அடி வைப்பதற்குள் கம்பி அட்டையில் உரசிக் கிழித்துவிட்டது. கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று சிரித்தாள்.

"உங்க படைக்கே அசல் இரும்பு இது ஒண்ணுதான் மாமி. அதைப் போய் அட்டையாலே மூடறேளே!"

மாமி திகைத்துவிட்டாள். "உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேனேடி."

"வாக்கு அப்பாவோடது. கால் என்னோடது."

மாமி தர்க்கம் செய்யவில்லை. ஆனால் நாடகத்தன்று வரை ஜம்புவை எங்கே பார்த்தாலும் எதிர்ச் சந்தில் நுழைந்து போனாள்.

அன்றைக்கு ஹாலில் எள் விழ இடமில்லை. ஜம்பு மூன்றாவது வரிசையில், மடியில் மடித்த துண்டோடு உட்கார்ந்திருந்தார். படுதா ஓரத்திலிருந்து மாமி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செவ்வாய்ப் படை இறங்கியது. கைதட்டல் பிரமாதம். ஆனால் குழாயடிக் காட்சியில் பூமிக்காரி ஒருத்தி குடத்தால் ஒரு வீரனைத் தள்ள, வீரனாக நின்றவள் தூணில் மோத, அவளுடைய மார்புக் கவசம் நடுவில் மடங்கி உள்ளே போயிற்று. "அட்டை! அட்டை!" என்று ஹால் முழுவதும் சிரிப்பு. வீரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வசனம் நின்றுபோயிற்று. மாமி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கனகவள்ளி முன்னால் வந்தாள். காலை இழுத்து, அவசரப்படாமல், மேடையின் விளிம்பு வரைக்கும் வந்தாள். மடிசார் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. அதற்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கம்பிகளும் மின்னின. செங்கோலாக அவள் கையில் இருந்தது ஜன்னல் திரை மாட்டுகிற பித்தளைக் குழாய். அதைத் தூக்கி அந்தக் காலின் மேலேயே ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ணங் என்று ஹால் முழுக்கக் கேட்டது.

சிரிப்பு நின்றுவிட்டது.

"யார் அட்டை?" என்றாள். நாடகத்தில் அந்த வசனமே கிடையாது. அந்தக் குரலுக்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரை ராணியின் நாடகமாகவே அது நடந்து முடிந்தது.

படுதா விழுந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரே கூச்சல். கனகவள்ளியை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கும்பலை விலக்கிக்கொண்டு ஜம்பு வந்து நின்றார். மாமி முன்னால் போனாள்.

"மூடறேன்னு சொன்னது நான்தான். திட்டறதானா என்னைத் திட்டுங்கோ. அவளை ஒண்ணும் சொல்லாதேங்கோ."

ஜம்பு மாமியைப் பார்க்கவே இல்லை. அவர் கண் பெண்ணின் காலில் இருந்தது.

"நீ தட்டினியே, அப்போ ஒரு ஸ்க்ரூ லூஸாயிடுத்து. எனக்கு அங்கேயே கேட்டுது" என்றார்.

அந்தக் கம்பியை முடுக்குவதும் எண்ணெய் போடுவதும் வாரா வாரம் அவர்தான். வீட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் அதைத் தொடுவார் என்று கனகவள்ளி பிற்பாடு சொன்னாள். இப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் சுற்றி நிற்க, பெண்ணின் எதிரே தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கனகவள்ளி ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்த மூலை இருட்டு. ஜம்பு ஸ்க்ரூவைத் தேடி விரலால் தடவினார். ஷ்யாமளா மாமி மேக்கப் மேஜையிலிருந்த விளக்கை, ஒயர் எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு வந்து, குனிந்து அந்தக் காலுக்கு நேரே பிடித்தாள்.