கை மட்டும் கேட்ட தொழிற்சாலை

தொழிற்சாலைக்குப் படம் எடுக்கிறவன் கற்கும் முதல் பாடம், அங்கே நடப்பது எதுவும் படத்தில் வரக் கூடாது என்பதுதான். கேமரா தூக்கித் தோள் தேய்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் தேக்காவில் ஸ்டூடியோ வைத்திருந்த நான், எண்பதுகளின் தொடக்கத்தில் பிடோக் பக்கம் ஒரு ரேடியோ தொழிற்சாலைக்கு அடிக்கடி போய் வந்தேன்.

புகை

நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி ஒயர் ஒட்டுவார்கள். கம்பெனி புத்தகத்துக்கு அதைப் படம் எடுக்கணும். சூப்பர்வைசர் பெர்னார்ட் நம்ம ஆள்தான். டை கட்டியதும் தமிழ் பாதி உதிர்ந்துவிட்டது. "நோ ஸ்மோக்" என்று சூட்டுக்கோல்களை அணைக்கச் சொன்னார். ஆறிப்போன கோலைப் பிடித்தபடி, அவர் சிரிக்கச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசை லூர்து மெல்லச் சொன்னார்: "அண்ணே, மெதுவா எடுங்க. நீங்க வந்தாத்தான் நாங்க கொஞ்சம் மூச்சு விடுறோம்."

மூஞ்சி வேண்டாம்

இன்னொரு தடவை முப்பது படம் கேட்டார்கள். ஒரு ரேடியோவை ஒட்டி முடிக்க முப்பது படி. படிக்கு ஒரு படம். கை போதும், மூஞ்சி வேண்டாம். லூர்துவின் கையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பெர்னார்டும் லூர்துவும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்கிறவர்கள். அங்கே "லூர்துக்கா". இங்கே சட்டையில் குத்தியிருக்கும் பாஸில் இருக்கிற நம்பர். "சிக்ஸ்டி டூ, மோதிரத்தைக் கழட்டு. ட்ரெய்னிங் சார்ட்டுக்கு" என்றார். கல்யாண மோதிரம். அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே லூர்து கேட்டார்: "ட்ரெய்னிங் யாருக்கு சார்? பதினொரு வருஷமா செய்றோம், நாங்க கண்ண மூடிக்கிட்டே செய்வோம் லா."

வெள்ளை இடம்

இருபத்தாறு படத்தோடு அன்றைய ஷிப்ட் முடிந்தது. பெர்னார்ட் என் கடைக்கு வந்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் வெள்ளை இடம் விடச் சொன்னார். வேறொரு நாட்டு பாஷையில் எழுதணுமாம். தொழிற்சாலை அங்கே போகிறதாம். அங்கே கூலி கம்மியாம். காபி வாங்கிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆர்டர் முக்கியமாயிற்றே, வெட்கங்கெட்ட பயல்! மூன்றாம் நாள், மார்க்கெட்டில் மீன் வாங்க வந்த லூர்துவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ என் கைய வச்சே என்னை வெளிய தள்ளப் பாக்குறாங்களா? இன்னும் நாலு படம் பாக்கி இருக்குல்ல, வாங்கண்ணே."

இருபத்தேழாவது படி

மறுநாள் நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்றைக்கு மூடப்போகிறீர்கள், எழுதிக் கொடுங்கள், நாங்கள் வேறு வேலை தேடணும், அதுவரைக்கும் கை அசையாது என்றார்கள். சமாதானம் பேச வந்த யூனியன் பெரிய மனிதர், இப்படிக் கோபப்பட்டால் கம்பெனி போய்விடும் என்று மிரட்டினார். "போகத்தானே சார் படம் எடுக்கிறாங்க?" என்றார் லூர்து. பெரிய மனிதர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பெர்னார்டுக்கு ரோஷம் வந்தது. "நானே செய்றேன், நீ எடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷம் இந்தப் பெண்களை மேய்த்த மனிதருக்குச் சூட்டுக்கோலில் எந்தப் பக்கம் சுடும் என்றுகூடத் தெரியவில்லை. நான் பட்டனை அழுத்தவும் அவர் அலறவும் சரியாக இருந்தது. நாற்பது பேரும் சிரித்தார்கள், இந்த முறை யாரும் சொல்லாமலே. லூர்து குனிந்து பார்த்தார்: "பெர்னார்ட் தம்பி, விரலைத் தண்ணில வைப்பா. அண்ணே, இதையாவது மூஞ்சியோட எடுத்தீங்களா?"

சாயங்காலமே மூடுகிற மாசத்தை எழுதிய கடிதம் வந்தது, பெண்கள் ஒவ்வொருத்தராக வேறு வேலை தேடிக்கொண்டார்கள், சொன்ன மாசத்தில் தொழிற்சாலையும் கப்பலேறியது. போன ஊரில் இருபத்தேழாவது படியை எப்படித்தான் செய்தார்களோ, நான் கொடுத்த படத்தில் இருப்பது சூடுபட்ட சூப்பர்வைசர் விரல்.