மூன்றாம் வரிசைத் தோள்

என் வீட்டுக்காரருக்குச் சிரிக்கவே தெரியாது என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்படி ஓர் உம்மணாமூஞ்சியின் தலையில் என்னைக் கட்டிவிட்டீர்களே என்று அம்மாவிடம் மூக்கைச் சிந்தியிருக்கிறேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் வாயால் சிரிக்கிற ஆள் இல்லை. ஏதாவது நிஜமாகவே வேடிக்கையாக இருந்தால் அவருடைய இடது தோள் ஒரு தடவை மேலே ஏறி இறங்கும். அவ்வளவுதான். முகம் அப்போதும் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் முகம்தான்.

இந்த மனிதருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் நேரலையாக வரும் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விமர்சனம் எழுதுவது. சின்னச் சின்ன ஸ்கிட்டுகள், நடுவில் ஒரு பாட்டு, கடைசியில் எல்லோரும் மேடைக்கு வந்து கையசைப்பார்கள். ஊரே சனிக்கிழமை அதைப் பார்க்கும். ஞாயிறு காலை இவர் எழுதியதைப் படித்த பிறகுதான், தான் சிரித்தது சரிதானா என்று அந்த ஊருக்கே தெரியும்.

நிகழ்ச்சி முடிந்த கையோடு பேப்பர் அச்சுக்குப் போய்விடும். உட்கார்ந்து யோசித்து எழுத நேரம் கிடையாது. அதனால் அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை மதியம் ஸ்டூடியோவில் ஆட்களை உட்காரவைத்து முழு ஒத்திகை நடக்கும். பத்திரிகைக்காரர்களுக்கு மூன்றாவது வரிசை. இவர் அங்கே பார்த்து விமர்சனத்தை எழுதிவிடுவார். சாயங்காலம் ஆபீசில் பக்கம் வடிவமைக்கும் தம்பியோடு உட்கார்ந்து நேரலையைப் பார்த்து, மாறியதை மட்டும் திருத்துவார். மாறாமல் இருக்காது. ஒத்திகையில் ஸ்கிட்டுகள் எப்போதும் அதிகமாகவே இருக்கும். நேரம் போதாவிட்டால் கடைசி ஸ்கிட்டுக்கு வெட்டு விழும்.

ஒத்திகை முடிந்ததும் நடிகர்கள் திரைக்குப் பின்னால் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். "தோள் ஆடுச்சா?" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருந்தாலும் அது கணக்கில் வராது. மூன்றாம் வரிசைத் தோள் ஆடினால்தான் ஆயிற்று.

இதை எனக்குச் சொன்னது என் நாத்தனார். இவருடைய ஒரே தங்கை. அந்த நிகழ்ச்சியில் அவளும் நடித்தாள்.

நடித்தாள் என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். டாக்டர் ஸ்கிட்டில் ஊசியை நீட்டும் நர்ஸ், பேங்க் ஸ்கிட்டில் வரிசையின் கடைசியில் நிற்கும் பொம்பளை, கல்யாண ஸ்கிட்டில் குழந்தையைத் தேடிக்கொண்டு குறுக்கே ஓடுபவள். ஆனால் ஓடுகிற அந்த ஓட்டத்திலேயே சிரிக்கவைத்துவிடுவாள். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாதா? தெரியும். எழுத மாட்டார். சொந்தக்காரரைப் பற்றி எழுதுவதில்லை என்று அவருக்கு ஒரு விரதம். மற்ற அத்தனை பேரையும் பேர் சொல்லிப் பாராட்டுவார், கிழிப்பார். இவள் வந்து போன ஸ்கிட்டைப் பற்றி எழுதும்போது இவள் நின்ற இடத்தில் காற்றுதான் இருக்கும்.

ஞாயிறு காலை எனக்குப் போன் வரும்.

"அண்ணி, இந்த வாரமும் நான் ஸ்கிட்ல இல்லையா?"

"படிச்சிட்டுத்தானே கேக்குற?"

"திட்டியாவது எழுதச் சொல்லுங்க அண்ணி. மத்தவங்களத் திட்டுறப்ப எனக்குப் பொறாமையா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நான் போனை வைத்துவிட்டு இவர்மேல் பாய்வேன். "உலகத்துக்கெல்லாம் நியாயம் பேசுறீங்க, கூடப் பொறந்தவளுக்கு மட்டும் வாயில பூட்டா?" அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டே, "நான் ஒரு தடவை எழுதிட்டா, அப்புறம் எழுதுறது எதையும் யாரும் நம்ப மாட்டாங்க" என்பார். நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எந்த எழுத்து தெரிகிறது, எது தெரியவில்லை என்று நாள் முழுக்க ஆட்களைக் கேட்பதுதான் என் பிழைப்பு. சிலருக்குத் தூரத்தில் இருப்பது துல்லியமாகத் தெரியும். கைக்குப் பக்கத்தில் வைத்தால் தடுமாறுவார்கள். வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார், அவருக்குப் போட என்னிடம் கண்ணாடி இல்லை.

நாத்தனாரின் வீட்டுக்காரர் மாரடைப்பில் போன வருஷம், அவள் பல மாதம் மேடை ஏறவில்லை. திரும்பிப் போனபோது, கையில் தானே எழுதிய ஒரு ஸ்கிட்டோடு போனாள். அதை எடுத்துக்கொள்ளவைக்க அவள் இயக்குநரின் பின்னால் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ஒருவழியாக ஒரு சனிக்கிழமை ஒத்துக்கொண்டார்கள். கடைசி ஸ்கிட். முழுக்க அவள் மட்டும். எனக்கும் ஒத்திகைக்குப் பாஸ் அனுப்பியிருந்தாள். அன்று இவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு நைட்டியில், கையில் போனோடு ஒரு பெண். செத்துப்போன கணவன் பேரில் இருக்கும் இணைப்பை நிறுத்தச் சொல்லி கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுகிறாள். சந்தாதாரரிடம்தான் பேசுவோம் என்கிறார்கள். அவர் செத்துவிட்டார் என்கிறாள். வருத்தம் தெரிவிக்கிறார்கள், ஆனாலும் அவரை லைனுக்கு வரச் சொல்கிறார்கள். வேறு வழியில்லாமல் கணவன் குரலில் பேசத் தொடங்குகிறாள். உடனே அந்தப் பக்கம், "சார், ஒரே இணைப்புல ரெண்டு பேர் இருக்கீங்க, மனைவி சம்மதமும் வேணும்." மனைவியாகிறாள். மறுபடி கணவனாகிறாள். குரல் மாறி மாறி இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிடுகிறது. போன் பண்ணிய விஷயமே மறந்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோதே போயிருக்கலாமே என்று அவள் திட்ட, அவர் குரல் பதில் சொல்லத் திணறுகிறது. கடைசியில் கஸ்டமர் கேர் கேட்கிறது: இணைப்பைத் துண்டித்துவிடலாமா? அவள் யோசித்துவிட்டு, கணவன் குரலில், "இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்" என்கிறாள்.

அரங்கம் சிரிப்பில் இரண்டுபட்டது. நான் மேடையைப் பாதியும் இவரைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. மறுபடி. அப்புறம் நிற்கவே இல்லை. கடைசி வரியின்போது கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேடையிலிருந்து அவள் மூன்றாவது வரிசையைத்தான் பார்த்தாள்.

அன்று விரதம் கலைந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதி அனுப்பினார். "இவர் என் தங்கை. அதனால்தான் இத்தனை வருடம் எழுதவில்லை. இன்று எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும்" என்று தொடங்கி, ஒரு முழுப் பத்தி. அவளிடம் சொல்ல வேண்டாம், காலையில் படிக்கட்டும் என்றார். அதோடு விட்டாரா? ஆபீசுக்குப் போகாமல், நேரலையை வீட்டிலேயே பார்க்கப்போவதாகவும் பிடிவாதம். பக்கம் வடிவமைக்கும் தம்பியிடம், ஏதாவது மாறினால் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தார். நாத்தனார் மகளையும் கூப்பிட்டுக்கொண்டோம். அம்மாவின் பெரிய நாள் என்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பாட வந்த விருந்தாளி, கைதட்டலில் மயங்கி இன்னொரு பாட்டு பாடினார். போலீஸ் ஸ்கிட்டில் ஒருவன் வசனத்தை மறந்து, மறந்ததையே வேடிக்கையாக்கி நீட்டிக்கொண்டு போனான். அடுத்தது அம்மாதான் என்று பெண் நாற்காலி நுனிக்கு வந்தாள். எல்லோரும் மேடைக்கு வந்து கையசைத்தார்கள். பின்வரிசை ஓரத்தில் நாத்தனார் நின்றாள். அதே நைட்டி. கையில் அந்தப் போன்.

இவருடைய போன் அடித்தது.

"சார், அக்கா ஸ்கிட் வரலையே. அந்தப் பத்தியத் தூக்கிடவா?"

ஸ்பீக்கரில் இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பெண் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் தளும்ப.

"இருக்கட்டும்" என்றார் இவர்.

"சார், அது வரவே இல்லையே சார்!"

"நான் பார்த்தேன். இருக்கட்டும்."

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன் என்று அன்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடிந்தபோது மானம் கப்பலேறியிருந்தது. வராத ஸ்கிட்டுக்கு விமர்சனம்! அதுவும் சொந்தத் தங்கைக்கு! பார்க்கிறவர்கள் எல்லாம் அந்தப் பத்தியைப் போனில் அனுப்பி அனுப்பிச் சிரித்தார்கள். ஒத்திகையைப் பார்த்து எழுதுகிற வழக்கம் ஆசிரியருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஊர் சிரிக்கும்போது எந்த ஆசிரியருக்கு எது தெரிந்திருக்கும்? விமர்சனத்தைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, இவரை வாசகர் கடிதத்துக்கு மாற்றினார்.

நாத்தனார் அன்று காலை வழக்கம்போல எனக்குத்தான் போன் பண்ணினாள். "அண்ணி, படிச்சேன்" என்றாள். அண்ணன் ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பதை நான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணி, இந்த வாரம் பாக்காம எழுதுற விமர்சகர்னு ஒரு ஸ்கிட் வச்சிருக்காங்க. அந்த போலீஸ் வேஷக்காரன் பண்றதா இருந்துச்சு. அவன் பண்ணா அண்ணனைக் குப்பையாக்கிடுவான். நானே பண்றேன்னு கேட்டு வாங்கிட்டேன். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

சனிக்கிழமை வந்தது. இவர் டிவி பக்கமே வரமாட்டேன் என்று அறைக்குள் போனார். நிகழ்ச்சி தொடங்கியதும் கதவோரம் வந்து நின்றார். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவருடைய சட்டை, அவருடைய தலைவாரல், அந்தப் பல் டாக்டர் நாற்காலி முகம். டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாள். இன்னும் பெய்யாத மழைக்கு, "வேகம் போதாது." சமைக்காத சாப்பாட்டுக்கு, "உப்பு கம்மி." பிறக்காத குழந்தைக்கு, "அழுகையில் உணர்ச்சி இல்லை." ஒவ்வொன்றுக்கும் இடது தோளை ஒரு தடவை ஏற்றி இறக்குவாள். ஜனங்கள் உருண்டார்கள். கடைசியில் ஒருவன் வந்து, "ஏன் சார், எதையுமே பாக்காமலே எழுதுறீங்களே?" என்று சட்டையைப் பிடிக்கிறான். அவள் எழுந்து நின்று, நேராக கேமராவைப் பார்த்து, "நான் பார்த்தேன்" என்றாள்.

அரங்கம் அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தது. மகள் சொல்லித்தான் அந்த வார்த்தை அவளுக்குத் தெரிந்திருக்கும். அது கேலி இல்லை, நன்றி. எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஊர் நடுவே சொல்லிவிட்டாள்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "அந்த வரிக்கு முன்னால எவ்வளவு நிறுத்தினா பாத்தியா? வேற யாரா இருந்தாலும் அவசரப்பட்டிருப்பாங்க" என்றார்.

போன் அடித்தது. நான் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மேடைக்குப் பின்னால் இருந்த சத்தத்தையும் மீறி அவள் குரல் எனக்குக் கேட்டது.

"அண்ணா... பாத்தியா?"

அவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். அதில் அடுத்த ஸ்கிட் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல. நான் பாக்கல."

"ஓ..." என்றாள். "சரிண்ணா. சாப்டியா?"

"ம்."

வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனை அவர் தலையில் போட்டிருப்பேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "இப்பதான் ஊரே என்னைப் பார்த்துச் சிரிச்சுது. கேட்ட உடனே குடுத்துடணுமா? அடுத்த வாரம் சொல்லிக்கறேன்" என்றார். இவ்வளவு சின்ன வீம்பு. அடுத்த வாரம் அவள் போன் வரவில்லை.

அந்த விமர்சகர் வேஷம் அவளைத் தூக்கிவிட்டது. வாராவாரம் அதுதான். தெருவில் பிள்ளைகள்கூடத் தோளை ஆட்டிக் காட்டினார்கள். இவர் ஒரு வாரம்கூடப் பார்க்காமல் விட்டதில்லை. கடிதங்களுக்கு நடுவே உட்கார்ந்து ஓய்வும் பெற்றார். அவள் வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், அண்ணன் மாத்திரை போடுகிறாரா என்று கேட்பாள். நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அந்தக் கஸ்டமர் கேர் ஸ்கிட்டை அவள் மறுபடி எடுக்கவே இல்லை.

போன மாதம் இவர் தாங்க முடியாமல் அவளிடமே சொல்லிவிட்டார். முதல் நாளே பார்த்தேன், ஒவ்வொரு வாரமும் பார்த்தேன், நீ அந்த வரிக்கு முன்னால் நிறுத்தியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்று. அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லண்ணா, விடு" என்றாள். உடம்பு முடியாதவர்களிடம் பேசுகிற குரலில்.

வாசல் வரை போய் வழியனுப்பும்போது நான் விடவில்லை. "அவர் சொல்றது சத்தியம்டி. பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். தோள் ஆடுச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு என்மேல் கோபம் எதுவும் இல்லை.

"நீங்க எப்பவும் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சமாதானம் பண்ணுவீங்க அண்ணி. எங்க அண்ணன் யாருக்காகவும் பொய் சொல்லமாட்டாரு. பாக்கலன்னு அன்னைக்குச் சொன்னாருன்னா, பாக்கலதான்."