பானைக்கு இடம் விட்ட மோட்டார்

கால் கட்டிய கோழிகளின் வால் எந்தப் பக்கம் இருக்கிறதென்று குனிந்து பார்த்து, துணி மூட்டையின் பக்கம் இருந்தால் அப்படியே தூக்கித் திருப்பி வைத்த பிறகுதான் வள்ளியாத்தாள், "போலாமுங்க மாமா" என்று குரல் கொடுப்பாள். முன்னால் வண்டியை ஓட்டும் அப்புசாமி அவள் கணவர். வண்டி அவளுடையது. பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் அந்த மோட்டாரை, பிறந்த வீட்டில் கொடுத்த மேட்டுக்காட்டை விற்று வாங்கினாள். "காட்டுக்கு மழை வேணும். இதுக்குச் சனம் வந்தாப் போதுமுங்க" என்பது அவள் கணக்கு.

வயது நாற்பதைத் தொட்டிருக்கும். சிரித்தால் வெற்றிலைச் சிவப்பு தெரியும். பெரியவர், பிள்ளை, எல்லோருமே அவளுக்குச் "சாமி"தான். சாலை இறங்கும் இடம் வந்தால் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிடுவாள். வண்டி சத்தமில்லாமல் உருளும், பெட்ரோல் மிச்சம். அந்த அமைதியில் பயணிகள் பேசுவதெல்லாம் காதில் விழும். எந்த ஊரில் கல்யாணம், எவன் தறி புதிதாகப் போட்டான், எந்தச் சந்தைக்கு வெண்ணெய் அதிகம் போகிறது என்பதெல்லாம் அவளுக்கு இப்படித்தான் தெரியும்.

போன வருஷம் ஆடியில் சேலத்து மோட்டார் முதலாளி சுவாமிநாதன் அதே வழியில் ஒரு புது வண்டி விட்டார். நீலச் சாயம், மெத்தை இருக்கை, தொப்பி போட்ட கண்டக்டர். முதலில் பாதிக் கட்டணம். பிறகு கட்டணமே கிடையாது. அதற்கும் மேலே ஒரு படி போய், ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கலர் சோடா!

அப்புசாமி இடிந்து போனார். "நாமளும் சும்மா ஓட்டலாமா, புள்ளே?"

"அவருக்கு இன்னும் ஏழெட்டு வண்டி சம்பாரிச்சுக் குடுக்குது. நமக்கு இது ஒண்ணுதானுங்க. நம்மள ஓட்டாண்டியாக்கிப்போட்டு அப்புறம் சனத்துக்கிட்ட ரெண்டு பங்கு கட்டணம் கேப்பாரு."

மறுநாள் காலை தன் வண்டியில் ஒருவர்கூட இல்லை என்றதும் வள்ளியாத்தாள் ஒரு காரியம் செய்தாள். "நீங்க பின்னால வாங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, நேரே போய் நீல வண்டியில் ஏறிக்கொண்டாள். உள்ளே இருந்த பழைய வாடிக்கையாளர்கள் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"எதுக்குச் சாமி கூச்சப்படறீங்க? நானும் ஓசிக்குத்தான் வந்திருக்கறேன். கொஞ்சம் நவுந்து உக்காருங்க."

வண்டியே சிரித்தது. அவள் சிவப்பு சோடா ஒன்றை வாங்கிக் குடித்து, பெரிதாக ஓர் ஏப்பமும் விட்டாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. இந்த வண்டியோடு எப்படி மல்லுக்கட்டுவது?

வழியில் வெப்படை என்ற ஊரில் சென்னம்மாள் என்பவள் வெண்ணெய்ப் பானையோடு நின்றிருந்தாள். கண்டக்டர் கையை விரித்தான். "பானையெல்லாம் ஏத்தக்கூடாது. மெத்தை கறையாயிரும்."

"காசு வேண்ணா தாரனுங்க."

"காசு வேண்டாம். பானையும் வேண்டாம்."

வண்டி நகர்வதற்குள் வள்ளியாத்தாள் கீழே குதித்துவிட்டாள். பின்னால் அப்புசாமி காலி வண்டியோடு வந்து சேரும்வரை இருவரும் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். காசு தருகிறேன் என்று சொல்லியும் ஏற்றாமல் போகிறார்களே என்று சென்னம்மாள் பொருமினாள். தினமும் இந்தச் சாலையில் சுமையோடு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று வள்ளியாத்தாள் கேட்க, அவள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போனாள். கேட்கக் கேட்க வள்ளியாத்தாளுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

அன்று மாலையே தச்சரை அழைத்துப் பின்பக்கத்துப் பெஞ்சுகளைக் கழற்றச் சொன்னாள்.

"ஆளு உக்கார்ற எடத்தப் பேத்துப்போட்டுப் பானைக்கு எடம் உடறயா?" என்று அப்புசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"பானை தனியா வராதுங்க மாமா. கூட ஆளும் வரும்."

வந்தது. வெண்ணெயும் கடலையும் வந்தன. பள்ளிபாளையத்துத் தறிக்காரர்கள் சேலை மூட்டைகளை ஏற்றினார்கள். கோழி வந்தது, ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் கட்டிலே வந்தது. சுமைக்கும் கூலி உண்டு. அதைத் தர யாரும் முகம் சுளிக்கவில்லை. கை வீசி நடக்கிறவர்கள் நீல வண்டியில் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் சோடாவுக்காகவே போய்த் திரும்பும் இளவட்டங்கள். சுவாமிநாதனின் பெட்ரோலும் சோடாவும் அவர்கள் வயிற்றுக்குள் போயின. ஐப்பசியில் சோடா நின்றது. கார்த்திகையில் கட்டணம் பழையபடி ஏறியது.

தையில் சுவாமிநாதனே வீடு தேடி வந்தார்.

"அம்மணி, வண்டியைக் குடுத்திடுங்க. கேட்ட விலை தர்றேன். உங்க வீட்டுக்காரருக்கு எங்கிட்டயே வேலை."

அப்புசாமி மனைவியின் முகத்தைப் பார்த்தார். வள்ளியாத்தாள் விருந்தாளிக்கு மோர்ச் சொம்பை நீட்டினாள்.

"குடுக்கறதுக்கு இல்லீங்க. ஒண்ணு சொல்றேன், கேட்டுப் பாருங்க. கோர்ட்டுக்குப் போற வக்கீலும் வெள்ளை வேட்டியும் உங்க வண்டியில வரட்டும். சுமைக்காரரு எம்பட வண்டியில வரட்டும். நான் முன்னால கிளம்பறேன், நீங்க அரை மணி கழிச்சு வாங்க. ஒருத்தர ஒருத்தர் தொரத்திட்டுப் பெட்ரோல எரிச்சா ஆருக்குங்க லாபம்?"

சுவாமிநாதன் மோரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எங்கிட்ட ஒரு மேனேஜர் இருக்கான், சம்பளம் வாங்கிட்டு. அவனுக்கு இது தோணலையே!"

அன்று முதல் அதே ஏற்பாடுதான் நடக்கிறது. ஆனால் வழிநெடுக நின்று நின்று போகிற இவள் வண்டியை, அரை மணி பின்னால் கிளம்பும் நீல வண்டி பல நாள் எட்டிப் பிடித்துவிடும். சென்ற சந்தை நாளன்றும் அது பின்னால் வந்து ஹாரனை அடித்தது. "உடாதீங்க, முந்தறான்!" என்று உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். அப்புசாமிக்கும் ரோஷம் வந்து வண்டி துள்ளியது. வள்ளியாத்தாள் ஜன்னல் வழியே வளையல் குலுங்கக் கையை நீட்டி, நீல வண்டியை முன்னால் போகச் சொல்லி வீசினாள். தூரத்துக் கடலைக்காட்டு வரப்பில் தலைச்சுமையோடு ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள். நீட்டிய கையை மடக்காமலே வள்ளியாத்தாள், நிறுத்தச் சொல்லி வண்டியின் தகரத்தில் பட்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினாள்.