முத்தையாவுக்கு வால்வு மாற்றிய கதை

மைக்செட் போடுகிறவனைக் கூப்பிடாத விசேஷமும் கிடையாது, அவனுக்குப் பத்திரிகை வைத்த விசேஷமும் கிடையாது. நானும் என் கூட்டாளி முத்தையாவும் மீசை அரும்பிய வயதில் கந்தர்வக்கோட்டையில் ஆரம்பித்த தொழில் இது. போன வருஷம் அவனுக்கு இருதய ஆபரேஷன் என்று ஆனபோது, தைரியம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஆரஞ்சுப் பையோடு நின்று, என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பேர் சொல்லாத ஆள்

ஆவூர் கோயில் திருவிழாவில் அறிவிப்பு வேலையும் முத்தையாதான் பார்த்தான். கூட்டத்தில் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்ட ஓர் அம்மா மேடைப் பக்கம் வந்தார். பேர் என்னவென்று கேட்டதற்கு, "அவுக பேரை நான் எப்புடிங்க சொல்றது?" என்று தலை குனிந்துகொண்டார்.

முத்தையா யோசித்தான். பிறகு மைக்கைப் பிடித்து, "பேர் சொல்லக் கூடாத பெரியவரே, உங்க வீட்டம்மா தேடுறாங்க, மேடைக்கு வாங்க" என்றான். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பெரியவர்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து வரிசையாக நின்றார்கள். அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஆளு இதுல இல்லைங்க தம்பி. இவுகளையும் வீட்டுல தேடுவாக, அனுப்பி விட்டுருங்க."

நின்றுபோன பாட்டு

அப்போது எங்களிடம் இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். உள்ளே கண்ணாடிக் குமிழ் மாதிரி இருக்கும் வால்வுகள் சிவந்து கனிந்த பிறகுதான் பாட்டு வரும். முந்திரிக் காட்டை ஒட்டிய ஓர் ஊரில் கல்யாணம். மேளக்காரர்கள் இல்லை, கெட்டிமேளமே எங்கள் ரெக்கார்டுதான். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து ஒரு வால்வு போய்விட்டது.

முத்தையா சுவிட்சை அணைத்து, சூடான வால்வைத் துண்டால் பிடித்துப் பிடுங்கி, வேறொன்றைச் செருகினான். மறுபடி சுவிட்சைப் போட்டு, அது கனியும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அப்பா எங்கள் பக்கம் வந்து குனிந்து சொன்னார்: "அவசரப்படாமப் பாருங்க தம்பி. மாப்பிள்ளை கையை நான் புடிச்சுக்கிறேன்."

ஆறுதல்காரர்

போன வருஷம் ஒரு வீட்டில் ஸ்பீக்கர் பெட்டியை இறக்கும்போது முத்தையா மூச்சு வாங்கி வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான். தஞ்சாவூரில் காட்டினோம். இருதய வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள்.

செய்தி பரவியதும் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். பந்தல் போடும் ராசு அண்ணன், "என் மச்சானுக்கும் இதேதான். ஆபரேஷன் நல்லா முடிஞ்சுச்சு. பொறவுதான்..." என்று தொடங்கினார். முத்தையாவின் மனைவி சரோஜா அவசரமாகக் காப்பியை நீட்டினாள். அண்ணன் அதை நிதானமாகக் குடித்து முடித்து, விட்ட இடத்திலிருந்து எடுத்தார். கதை மச்சானின் காரியம் வரைக்கும் போனது. முழுவதையும் கேட்டுவிட்டு முத்தையா சொன்னான்: "அண்ணே, மச்சான் எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

என் முறை

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "எத்தனை செட்டுக்கு வால்வு மாத்தியிருக்க. அது மாதிரிதாண்டா இதுவும்" என்றேன், பெரிய ஆறுதலைச் சொல்லிவிட்ட நினைப்பில்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அணைச்சுட்டுத்தானடா மாத்துவோம்? இதையும் நிறுத்தி வச்சுட்டுத்தான் மாத்துவாங்களாம். மாத்துன பொறவும் பாடாத செட்டு எத்தனைன்னு ஒனக்கே தெரியும்." இத்தனை வருஷத்தில் அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. கையைப் பிடித்தேன், குளிர்ந்து கிடந்தது. "எனக்கும் பயமாத்தாண்டா இருக்கு. நீ வெளிய வர்ற வரைக்கும் அந்தக் கதவை விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகர மாட்டேன்" என்றேன்.

அதற்கப்புறம் பழசைப் பேசிக்கொண்டிருந்தோம். வரிசையில் நின்ற ஆவூர்ப் பெரியவர்களை நினைத்து அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் கிளம்பும்போது சொன்னான்: "காலையில வா. ஆனா வால்வுக் கதையை வேற யாருகிட்டயும் சொல்லிப்புடாத."

நெஞ்சுக்குள் கடிகாரம்

மறுநாள் மத்தியானம் டாக்டர் கதவைத் திறந்து வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். அதுவரை கல் மாதிரி இருந்த சரோஜா, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போனேன்.

தையல் ஆறியபின் அவன் வீட்டுக்குப் போனேன். வைத்திருப்பது உலோக வால்வாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், சட்டைக்குள்ளிருந்து டிக் டிக்கென்று கேட்கிறது. முத்தையா பெருமையாக நெஞ்சைக் காட்டினான். "படுத்தா இது தொந்தரவா இல்லையாம்மா?" என்று சரோஜாவைக் கேட்டேன். அவள் சொன்னாள்: "மொதல்ல தூக்கமே வரலைண்ணே. இப்ப இது கேட்டாத்தான் தூக்கமே வருது."

ஊர் ஊராகக் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஒருத்தரையும் தூங்கவிடாத எங்கள் தொழிலில், ஒரு ஆளைத் தூங்க வைத்த சத்தம் அது ஒன்றுதான்.